நீ விற்காமல் வைத்த வண்டி

அக்கா,

புது லாரிக்குள் ஏறியதும் ஒரு வாசனை வருமே, சீட்டின் பிளாஸ்டிக் உறையும் பெயிண்டும் ரப்பரும் கலந்து, அதை நீ மூச்சை இழுத்து இழுத்து முகர்வாய். எனக்கு அது ஆகவே ஆகாது, தலை வலிக்கும். ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலையில் உன் மகள் பூங்கொடி என்னைச் சேலம் பைபாஸில் இருக்கும் ஷோரூமுக்குக் கூட்டிப்போய், ஒரு புது வண்டியின் கேபினில் ஏற்றி உட்கார வைத்துக் கதவைச் சாத்தினாள். அந்த வாசனை வந்தது. தலைவலி வரவில்லை. நீ பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாய் என்ற நினைப்பில், "போதும், எறங்கு, கெளம்பலாம்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

"ஆரை மாமா எறங்கச் சொல்றீங்க?" என்றாள் பூங்கொடி.

"ஒண்ணுமில்ல கண்ணு. காலு மரத்துப்போச்சு" என்றேன்.

அன்றிலிருந்து உனக்கு எழுத வேண்டும் என்று இருந்தது. உன் மேல் எனக்குக் கோபம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செத்துப்போனவர்கள் மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை.

நீ போய் வருஷம் திரும்பிவிட்டது. நீ விட்டுப்போன ஒரே லாரி உன் வீட்டுக்குப் பக்கத்துக் காலி மனையில் நின்றது. லோடு பேசுவது பூங்கொடி, ஓட்டுவது டிரைவர், அடியில் சாக்கை விரித்துப் படுத்துப் பார்ப்பது நான். ஒரு காலத்தில் ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு மகாராஷ்டிரம் வரை போன வண்டி, கடைசியில் நாமகிரிப்பேட்டைப் பக்கத்திலிருந்து மக்காச்சோளம் ஏற்றி நாமக்கல் கோழித்தீவன ஆலைகளில் இறக்கிக்கொண்டிருந்தது. பெரிய வருமானம் இல்லை. ஆனால் தவணை கேட்டு யாரும் வாசலில் நிற்கவில்லை. உன் மகளும் பேத்தியும் அதில்தான் சாப்பிட்டார்கள்.

இந்த வருஷம் இரண்டு சிக்கல் ஒன்றாக வந்து சேர்ந்தது. நமக்கு வழக்கமாக லோடு கொடுக்கும் ஆலைக்காரர்கள், பழைய வண்டிகளை இனிமேல் எடுத்துக்கொள்ளப் போவதில்லை என்று சொல்லிவிட்டார்கள். நடுவழியில் வண்டி நின்றால் ஆலையும் நிற்கிறதாம். அதே நேரத்தில் எஃப்.சி. எடுக்க வேண்டிய நாளும் வந்தது. பழைய வண்டிக்கு அந்தத் தகுதிச் சான்று வாங்குவது உன் காலத்தைப்போல இல்லை. கட்டணம் ஏறிவிட்டது, சோதனையும் கெடுபிடியாகிவிட்டது. அடிச்சட்டத்தில் வெல்டிங், புது டயர், பெயிண்ட் என்று ஒரு பெரிய வேலை காத்திருந்தது.

பூங்கொடி என் எதிரில் உட்கார்ந்து நேராகப் பேசினாள். உன் மகள் அல்லவா.

"மாமா, ஒண்ணு இதை வித்துப்போட்டு, வர்றதை முன்பணமாக் கட்டிப் புதுசு எடுக்கோணும். இல்லாட்டி இதுக்கே செலவு பண்ணி வேற எடத்துல லோடு புடிக்கோணும். ரெண்டையும் பண்ண நம்மளால ஆகாது. நீங்க என்ன சொல்றீங்களோ அதைச் செய்யறேன்."

புதுசு என்றால் உன் வீட்டை அடமானம் வைத்துத்தான் எடுக்க முடியும். லோடு கிடைக்காமல் நாலு மாதம் படுத்துவிட்டால் வீடு போகும். பழசு என்றால் வீடு இருக்கும், ஆனால் வண்டிக்கு லோடு இருக்குமா என்று யாருக்கும் தெரியாது. இதில் எது என்று சொல்ல வேண்டியவன் நான். வாழ்நாள் முழுக்க இந்த ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை. ஓடுகிற வண்டியை விற்கக் கூடாது. அவ்வளவுதான். ஆனால் பூங்கொடி கேட்டபோது அது வாயில் வரவில்லை.

இன்னொன்றையும் உனக்கு மட்டும் சொல்கிறேன். ஷோரூமில் கழுத்தில் டை கட்டிய ஒரு பையன் என்னிடம் விளக்கிக்கொண்டே வந்தான். டீசலுக்கு ஒரு டேங்க், புகையைச் சுத்தமாக்க யூரியாத் தண்ணீருக்கு ஒரு டேங்க். வண்டிக்கு உரம் போடும் காலம் வந்திருக்கிறது, அக்கா. "ஏதாவது சத்தம் வந்தா நான் எங்க பாக்கறது?" என்று கேட்டேன். "நீங்க எதையும் பாக்க வேண்டாம் சார். கைய வெச்சா வாரண்டி போயிரும். போன் பண்ணுங்க, லேப்டாப் எடுத்துட்டு நாங்க வருவோம்" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். ஆனாலும் வீட்டுக்கு வரும்வரை அந்தப் பேச்சு காதிலேயே நின்றது. புதுசு வந்தால் அந்த வீட்டில் எனக்கு என்ன வேலை?

இந்தத் தகராறு நமக்குள் எங்கே ஆரம்பித்தது என்று யோசித்துப் பார்க்கிறேன். மச்சான் இறந்தபோது உன் கையில் இருந்தது கைக்குழந்தையும், இரண்டு பேரிடம் ஓடிக் களைத்த ஒரு பழைய லாரியும். நான் எந்தப் பட்டறையிலும் தொழில் படித்தவன் இல்லை. வண்டி நின்ற இடத்தில் பிரித்துப் பார்த்து, மாட்டத் தெரியாமல் முழித்து, மறுபடியும் பிரித்துக் கற்றுக்கொண்டவன். நான் அந்த வண்டியை ஓடவைத்தேன். நீ வருஷம் முடிவதற்குள் விற்றாய்.

"ஓடற வண்டியை எவளாச்சும் விப்பாளா?" என்று நான் கத்தினேன்.

"எனக்கு அது அடியில என்ன இருக்குதுன்னு தெரியாதுடா. டிரைவரு போன் பண்ணி கிரௌன் போச்சுங்கறான், கிளட்ச் போச்சுங்கறான். போச்சா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்? பழைய வண்டி வெச்சிருந்தா ஒவ்வொருத்தன் பேச்சையும் நம்போணும். புது வண்டின்னா ஒருத்தனையும் நம்ப வேண்டாம்."

"நான் இருக்கறேனல்ல?"

"நீயும் ஆளுதானே" என்றாய்.

அதை இன்றுவரை நான் மறக்கவில்லை. ஊரில் யாரை வேண்டுமானாலும் நம்பாமல் இரு. என்னை அந்த வரிசையில் வைத்தாயே.

ஆனாலும் அந்த முதல் புது வண்டியை எடுத்துவந்தது நான்தான். அப்போதெல்லாம் ஷோரூமில் கேபின் இருக்காது. அடிச்சட்டமும் இன்ஜினும் சக்கரமும் ஸ்டியரிங்கும்தான். பாடி கட்டுவது நாமக்கல்லில். ஒரு மரப்பெட்டியைக் கயிற்றால் கட்டி அதன்மேல் உட்கார்ந்து, முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு, வெட்டவெளியில் சேலத்திலிருந்து நாமக்கல்லுக்கு ஓட்டிவந்தேன். நீ பின்னால் பஸ்ஸில் வந்தாய். ராசிபுரத்துக்கு முன்னால் உன் பஸ் என்னை முந்தியது. ஜன்னல் வழியாகப் பாதி உடம்பை வெளியே நீட்டி, "மெதுவாப் போடா சாமி! வண்டி புதுசு! பள்ளத்துல எறக்காதே!" என்று கத்தினாய். பஸ்ஸே சிரித்தது. கண்டக்டர் எட்டிப்பார்த்து, "ஏனுங்க, அக்கா கவலைப்படறது உங்களுக்காக இல்லீங்களாட்ட இருக்குது" என்றார். துண்டுக்குள் நானும் சிரித்தேன். அது உனக்குத் தெரியாது.

பாடி கட்டும் இடத்தில் நீ தினமும் போய் நின்றாய். எந்தப் பலகை எங்கே போகிறது என்று பார்த்தாய். முகப்பில் பூங்கொடியின் பெயரை எழுதச் சொன்னாய். அதற்கப்புறம் வந்த எல்லா வண்டிக்கும் அவள் பெயர், இல்லாவிட்டால் சாமி பெயர். என் பெயரை ஒரு மட்கார்டில்கூட எழுதச் சொன்னதில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் நீ கேட்டிருக்க வேண்டும்.

உன் வழி ஒரே வழிதான். கடன் வாங்கிப் புதுசு எடுப்பாய், வடக்கே லைனில் விடுவாய், கடைசித் தவணை கட்டியதும் ஆள் பார்த்து விற்பாய், மறுபடியும் கடன். "கடன் இருக்கற வரைக்கும் வண்டி ஓடும்டா. கடன் தீந்துதுன்னா மொதல்ல நாம தூங்குவோம், அப்புறம் வண்டி தூங்கும்" என்பாய். "கடன் தீந்த அன்னைக்குத்தான் அது நம்ம வண்டி. அன்னைக்கே அதை வித்தா, ஆருக்காக இத்தனை நாளு ஓட்டினோம்?" என்று நான் கேட்பேன். ஒவ்வொரு வண்டி போகும்போதும் நான் உன் வீட்டில் சாப்பிட மாட்டேன். நீ தூக்குப்போசியில் சோறு கொடுத்து அனுப்புவாய். குழம்பில் வேண்டுமென்றே உப்பைக் கூட்டிப் போட்டிருப்பாய். எனக்குத் தெரியும்.

இப்படியே நம் தலை நரைத்தது. எல்லாச் சண்டையிலும் நீதான் ஜெயித்தாய். எனக்கு அது பழகிவிட்டது.

அப்புறம் இந்தக் கடைசி வண்டி. அதன் தவணை முடிந்த மாதம் ஓர் ஆளை நீ வரச் சொல்லியிருந்தாய். அவன் முன்பணத்தோடு வந்து வாசலில் உட்கார்ந்திருந்தான். நான் என் பேச்சையெல்லாம் அடுக்கிவைத்துக்கொண்டு, இந்த முறை விடுவதில்லை என்று வந்தேன். நீ அவனுக்குக் காப்பி கொடுத்தாய். அவன் குடித்து முடித்ததும், "வண்டி குடுக்கறதில்லீங்க. உங்களை வீணா அலைய வெச்சுட்டேன்" என்று சொல்லி எழுந்துவிட்டாய். அவன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை.

"ஏன்?" என்று கேட்டேன்.

"இருக்கட்டும்" என்றாய்.

"இருக்கட்டும்னா?"

"இருக்கட்டும்னா இருக்கட்டும். நீதானே கேட்டுட்டே இருந்த? போயி வண்டிக்குக் கிரீஸ் அடி."

அதற்கு மேல் நீ வாயைத் திறக்கவில்லை. அப்புறம் உனக்கு உடம்பு சரியில்லாமல் போனது, அதைப் பற்றிக் கேட்கும் நேரம் வரவே இல்லை. என் கோபம் இதுதான், அக்கா. ஜெயிக்க வைத்தாய், ஆனால் சண்டை போட விடவில்லை. காரணம் சொல்லாமல் கொடுத்த ஜெயத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

நான் நினைத்துப் பார்க்காத காரணம் இல்லை. புது வண்டிகளில் கம்ப்யூட்டரும் சென்சாரும் வந்துவிட்டன, அதனால் பயந்தாய் என்று நினைத்தேன். ஆனால் நீ பயந்து நான் பார்த்ததில்லை. முட்டிவலியில் இன்னொரு கடனுக்கு அலைய முடியவில்லை என்று நினைத்தேன். அப்படியென்றால் அந்த ஆளை ஏன் வரச்சொன்னாய்? நான் சொன்னதுதான் சரி என்று கடைசியில் உனக்குப் பட்டுவிட்டதா? அதை ஒத்துக்கொள்வதைவிட நீ மண்ணைத் தின்றிருப்பாய். எனக்கு ஒரு வேலை இருக்கட்டும் என்று அந்த வண்டியை விட்டுவைத்தாயோ என்றும் ஒரு நாள் தோன்றியது. அப்படி இருந்தால் எனக்கு அது அவமானம். அப்படி இல்லாவிட்டால் அதுவும் எனக்கு வருத்தம். பூங்கொடியிடம் கேட்டேன். "அம்மா எங்கிட்டயும் சொல்லலீங்க மாமா" என்றாள்.

உன் மனசு எனக்குத் தெரிந்திருந்தால் இந்த ஐப்பசியில் எனக்குக் குழப்பமே இருந்திருக்காது. நீ விற்கச் சொல்லியிருந்தால் நான் வேண்டாம் என்றிருப்பேன். நீ வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தால், அப்போதும் ஏதாவது சொல்லியிருப்பேன். நீ ஒரு பக்கமும் நிற்காமல் போய்விட்டதால் நான் எந்தப் பக்கம் நிற்பது என்று எனக்குத் தெரியவில்லை.

பூங்கொடி என் பதிலுக்குக் காத்திருந்தாள். அதற்குள் ஒரு புரோக்கர் சொல்லி, திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து வண்டி பார்க்க ஓர் ஆள் வந்தான். முப்பது, முப்பத்தைந்து வயது இருக்கும். வேறொருத்தரிடம் டிரைவராக ஓட்டிவிட்டு, முதன்முதலாகச் சொந்தமாக வண்டி எடுக்க வந்தவன். விவரமானவன்; விடிந்தும் விடியாமலும் வந்துவிட்டான். ராத்திரி முழுக்க ஆறிக்கிடந்த இன்ஜின் எப்படி ஸ்டார்ட் எடுக்கிறது என்று பார்க்க. விற்கிறவர்கள் முன்னாடியே ஓடவைத்துச் சூடாக்கி வைப்பார்கள் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. இன்ஜின்மேல் கை வைத்துப் பார்த்தான். குளிர்ந்து கிடந்தது. எடுத்தான். ஒரே சுற்றில் பிடித்தது. எனக்கு அந்த நேரத்தில் வண்டிமேலேயே கோபம் வந்தது. கொஞ்சம் இருமினால்தான் என்ன?

அவனைத் துரத்திவிடுவது என்று முடிவு செய்தேன். அதற்கு எனக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்று. உண்மையைச் சொல்வது. பழைய லாரி விற்கிற இடத்தில் அதைக் கேட்டு நிற்கிற ஆள் இருக்க மாட்டான்.

"தம்பி, இங்க வா. காலியா எறக்கத்துல போனா மூணாவது கியரு கழண்டுக்கும், கையில புடிச்சுக்கிட்டே போகோணும். பிரேக் போட்டா எடப்பக்கம் இழுக்கும். பின்னாடி எடது ஸ்பிரிங் பட்டைய மாத்தியிருக்குது. ரேடியேட்டரை ரெண்டு எடத்துல ஓட்டை அடைச்சுப் பத்த வெச்சிருக்குது. மழை பேஞ்சா கிளீனர் சீட்டுல ஒழுகும். அடிச்சட்டத்துல வெல்டிங் வேலை இருக்குது, அது இல்லாம எஃப்.சி. கெடைக்காது."

பூங்கொடி கதவோரம் நின்று வாயை மூடிக்கொண்டாள். அவன் என்னையே பார்த்தான்.

"ஏனுங்கய்யா, நீங்க வண்டி விக்க வந்தீங்களா, வேண்டாம்னு சொல்லித் தொரத்த வந்தீங்களா?"

"ரெண்டுந்தான்."

அவன் சிரிக்கவில்லை. சாக்கை எடுத்து விரித்து அடியில் போய்ப் படுத்தான். நான் சொன்ன ஒவ்வொன்றையும் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, சட்டையெல்லாம் மண்ணாக எழுந்து வந்தான்.

"இந்த மாசம் நெறைய வண்டி பாத்துட்டனுங்க. எல்லாரும் தங்கம்னாங்க. தங்கம்னாலே எனக்குப் பயமா இருக்குதுங்க. உள்ள என்ன இருக்குதுன்னு தெரியறதில்ல. இதுல என்னென்ன கெட்டிருக்குதுன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. இத்தனையும் தெரிஞ்சு வெச்சு ஒருத்தர் பாத்துட்டு வந்திருக்கறாருன்னா, மிச்சமெல்லாம் நல்லாத்தான் இருக்கோணும். நான் எடுத்துக்கறனுங்க."

"மாமா" என்று கூப்பிட்டாள் பூங்கொடி. பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள்: "நீங்களே வித்துப்போட்டீங்க. ஆனா நீங்க வேண்டாம்னா வேண்டாம். இப்பச் சொன்னாலும் அவரை அனுப்பிப்போடறேன்."

நான் நின்றேன், அக்கா. அந்த ஆள் கையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தான். நீ ஏதாவது சொல்வாய் என்று காத்துக்கொண்டிருந்தேன் என்பது கொஞ்சம் பொறுத்துத்தான் எனக்கே தெரிந்தது. விற்றுவிடு என்று உன் குரல் வந்தால் போதும், "முடியாது" என்று சொல்ல நான் தயாராக இருந்தேன். குரல் வரவில்லை. என் எதிரில் ஒரு மறுப்பு இல்லாமல், எனக்கென்று என்ன கருத்து இருக்கிறது என்று தேடிப் பார்த்தேன். வீடு நினைவுக்கு வந்தது. ஆலைக்காரர்கள் வேண்டாம் என்ற நம் வண்டி நினைவுக்கு வந்தது. அடியில் படுத்தவனின் சட்டை நினைவுக்கு வந்தது. இதில் எது காரணம் என்று எனக்குத் தெரியவில்லை.

"குடுத்துரு கண்ணு" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. சரியென்று நினைத்துச் சொன்னேன் என்று மட்டும் நினைத்துக்கொள்ளாதே. ஓடுகிற வண்டியை விற்கக் கூடாது. இப்போதும் அதையேதான் சொல்கிறேன்.

புது வண்டி வந்துவிட்டது. முகப்பில் உன் பேத்தியின் பெயர். ஆஞ்சநேயர் கோயிலில் பூஜை போட்டு, சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். நன்றாகத்தான் ஓடுகிறது. ஆலையில் லோடு கிடைக்கிறது, இதுவரைக்கும். பூங்கொடி ஒவ்வொரு மாதமும் தவணைத் தேதி வரும்போது பேச்சைக் குறைத்துக்கொள்கிறாள். அது உன்னிடமிருந்து வந்தது. நான் காலையில் போய் வண்டியைச் சுற்றி வருகிறேன், டயரை ஒரு தட்டு தட்டிவிட்டு வருகிறேன். சாக்கு விரிக்க வேலை இல்லை.

ஆனால் ஒன்று நடந்தது. வண்டி வாங்கிப்போனவன் போன மாதம் போன் செய்தான். "ஐயா, மேடு ஏறும்போது டக்கு டக்குன்னு ஒரு சத்தங்க. நீங்க சொன்னதுல இது இல்லீங்களே."

"என்ன வேகத்துல? லோடோடயா, காலியாவா?" என்று கேட்டேன்.

"லோடோடங்க."

"போனைப் பின்சக்கரத்துக்கிட்டப் புடிச்சுக்கிட்டு ஆரையாச்சும் மெதுவா நகத்தச் சொல்லு."

அவன் பிடித்தான். நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். எங்கோ சங்ககிரிப் பக்கத்தில் நம் வண்டி என் காதுக்குள் ஓடியது. என்ன கோளாறு என்று சொன்னேன். சரியாக இருந்ததாம். அப்புறம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஏதாவது ஒன்றுக்குக் கூப்பிடுகிறான். பூங்கொடிக்கு இது பிடிக்கவில்லை. "வித்த வண்டிக்கு எதுக்கு மாமா நீங்க வைத்தியம் பாக்கறீங்க? காசாச்சும் தர்றானா?" என்கிறாள். நான் போனைச் சார்ஜில் போடுகிறேன்.

இப்போது நான் ஜெயித்தேனா தோற்றேனா என்று எனக்குப் புரியவில்லை, அக்கா. வண்டியை விற்றாகிவிட்டது, அது நீ ஆயுள் முழுக்கச் செய்தது. விற்ற வண்டியை நான் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அது நான் ஆயுள் முழுக்கக் கேட்டது. இதைப் பார்த்து நீ என்ன சொல்வாய்? ஒரு காலத்தில் நீ வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே எனக்குத் தெரியும். அந்த ஒரு வண்டியை விற்காமல் வைத்து அதையும் கெடுத்துவிட்டாய். எவ்வளவு யோசித்தாலும் உன் பேச்சு எனக்குள் வரமாட்டேன் என்கிறது.

நீ எதைச் சொன்னாலும் சரி, அதற்கு என் பதிலை நான் தயாராக வைத்திருக்கிறேன். விடமாட்டேன்.